கண் திறக்காத படங்கள்

என் மகள் பிரேமலதாவின் பிள்ளைக்குத் திருப்பூரில் வைத்துக் காது குத்தினார்கள். எனக்கு அப்போது காலில் கட்டு. போக முடியவில்லை. படம் வாட்சப்பில் வந்தது. மருமகனிடமிருந்து சம்பந்தியம்மாவுக்கு, அங்கிருந்து என் தம்பிக்கு, தம்பி மகனுக்கு என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு என் கைக்கு வந்தபோது பிள்ளையின் முகம் கட்டம் கட்டமாக இருந்தது. மூக்கு எங்கே, வாய் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

கால் சரியாகி வேலைக்குப் போன பிறகும் போனைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறேன். அதைக் கூட வேலை பார்க்கிற முப்பிடாதி கவனித்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் நான் தேநீர் கொண்டு போகும்போது ஜன்னலோரம் நின்று யாரிடமோ அடங்கின குரலில் பேசிக்கொண்டிருந்தாள். "நீங்க எடுத்ததா? அப்படியே அனுப்புங்க. சுருக்காம அனுப்புங்க." என்னைக் கண்டதும் போனை வைத்துவிட்டாள். இது என்ன ரகசியம், யாரிடம் எதைக் கேட்கிறாள் என்று எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அடுத்த வாரம் ஆபீசில் சாமி விளக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு படம் இருந்தது. என் பேரன். காதில் தோடு, தோட்டுக்குக் கீழே ஒரு பொட்டு ரத்தம், கன்னத்தில் வழிந்து நின்ற கண்ணீர் எல்லாம் தெரிந்தது. யார் வைத்தது என்று கேட்டதற்கு முப்பிடாதி கம்ப்யூட்டர் திரையை விட்டுத் தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

"படம் கை மாற மாறத் தேயும் யக்கா. மொதல்ல எடுத்தவியகிட்டக் கேட்டா முழுசா இருக்கும்."

அவளைப் பற்றி எழுத நினைத்தால் எனக்கு அந்தப் படம்தான் முதலில் வருகிறது. அவள் செய்த நல்லதையும் நான் சந்தேகப்பட்டுத்தான் பார்த்தேன் என்பதும் கூடவே வருகிறது.

கோவில்பட்டியில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் கண்ணபிரான் அண்ணாச்சியின் ஆபீஸ். கொடை என்கிற கோயில் திருவிழாக்களுக்குப் பெரிய எல்இடித் திரை வைக்கிறார்கள் அல்லவா, அதில் ஓடுகிற சாமிப் படங்களைக் கம்ப்யூட்டரில் நடக்கவும் ஆடவும் செய்து கொடுக்கிற இடம். நான் அங்கே கூட்டிப் பெருக்கி, தேநீர் போட்டு, காலையும் மாலையும் விளக்கேற்றி வந்தேன். அண்ணாச்சியின் மச்சினன் ஜெயகிருஷ்ணன் மெஷின்களையும் இடத்தையும் பார்த்துக்கொள்வான். படம் செய்கிறவள் முப்பிடாதி.

அவள் கடம்பூர்க்காரி. தினமும் ரயிலில் வந்து போவாள். அப்பாவுக்கு ஆடு மேய்ப்பு. அம்மா சொர்ணத்தாய் வாயால் நூறு ஆட்டை மடக்குவாள் என்று முப்பிடாதியே சொல்லிச் சிரிப்பாள். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அதைக் கேட்டால், "நானே தலைய வாரிக்கிட நேரமில்லாம இருக்கேன்" என்பாள். இங்கே வருவதற்கு முன்னால் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற ஓர் இடத்தில் கிளி, தாமரை, யானை வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரோ தாமரைப் படத்தைச் சுருக்கி அச்சுக்கு அனுப்பிவிட, சிவப்பெல்லாம் ஈஷிப்போய் லோடு திரும்பி வந்ததாம்.

"சுருக்குனது வேற ஆளு. ஏச்சு வாங்குனது நான்" என்று ஒருநாள் சொன்னாள். அதிலிருந்து யார் அவள் படத்தைத் தொட்டாலும் முகம் சுளிப்பாள்.

எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கொடைக்கு வேலை வந்தது. அம்மன் திரையில் தீச்சட்டி ஏந்தி நடந்து வர வேண்டும். கமிட்டித் தலைவர் விஜயராஜ் ஐயா நேரில் வந்தார். முப்பிடாதியிடம் தனியாக நெடுநேரம் பேசிவிட்டுப் போனார். அண்ணாச்சி அன்று வெளியூர் போயிருந்தார்.

அந்த வேலை தொடங்கியதும்தான் எல்லாம் தொடங்கியது.

கம்ப்யூட்டரில் இடமில்லை என்று ஜெயகிருஷ்ணன் குதித்தான். "ஏம்மா, ஒரு சாமி நடந்து வாரதுக்கு இத்தன ஆயிரம் போட்டோவா? பேசாம எம்பிஃபோர் வீடியோவா ஒரே ஃபைலா எடுத்துத் தா."

"ஒரே வீடியோவா எடுக்கும்போது பாதில கரண்டு போச்சுன்னா அம்புட்டும் போச்சு" என்றாள் முப்பிடாதி. "தனித்தனிப் படமா எடுத்தா நின்ன எடத்துலருந்து திரும்ப எடுக்கலாம். ஒரு படத்துல தப்புன்னா அத மட்டும் மாத்திக்கிடலாம்."

"சரி, போட்டோவாவே எடு. அத ஏன் பிஎன்ஜில எடுக்க? ஜேபெக்ல போட்டா பத்துல ஒரு பங்குதான் ஆகும்."

அவள் இரண்டு படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அம்மனின் நெற்றியை மட்டும் பெரிதாக்கினாள். ஒன்றில் குங்குமம் வட்டமாக நின்றது. மற்றதில் சிவப்பு ஓரம் கலைந்து, சுற்றி எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது.

"இத எவன் இம்புட்டு கிட்டத்துல வந்து பாக்கான்?"

"தெரை வீட்டு ஒசரம் அண்ணே. அங்கன எறும்பு ஆனையாத் தெரியும். அதுபோக, எல்இடிக்காரவிய அம்மனுக்குப் பின்னால அவிய தீப் படத்த வைக்கணும்னு கேட்டிருக்காவ. பிஎன்ஜின்னா அம்மன் மட்டும் இருக்கும், பின்னால ஒண்ணும் இருக்காது. ஜேபெக்ல அப்படி வெறுமையா வைக்க முடியாது. ஒரு வெள்ளப் பெட்டி வந்து உக்காந்துக்கிடும்."

அவன் முணுமுணுத்துக்கொண்டு போனான். நான் தேநீரை வைத்துவிட்டு, "ரெண்டும் சுருக்குறதுதானேம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா யக்கா. பிஎன்ஜி சுருக்குறது சேலைய மடிச்சுப் பொட்டில வைக்கிற மாதிரி. பிரிச்சா முழுச்சேல வரும். ஜேபெக்கு, பொட்டிக்குள்ள அடங்கலன்னு முந்தியக் கொஞ்சம் வெட்டி எறிஞ்சிட்டு வைக்கிற மாதிரி. சின்னப் பொட்டிதான். ஆனா வெட்டுனது வெட்டுனதுதான்."

இது விளங்கியது. விளங்காதவையும் நடந்தன. யாராவது உள்ளே வந்தால் திரையை வேறு பக்கம் மாற்றிவிடுவாள். அம்மனின் முதுகு, பாதம், தீச்சட்டி எல்லாம் காட்டுவாள். முகத்தைக் காட்ட மாட்டாள். எல்லோரும் முட்டை பப்ஸ் தின்னும்போது எழுந்து வெளியே போய்விடுவாள். முன்னெல்லாம் அவள்தான் முதல் ஆளாகக் கை நீட்டுவாள். தலைமுடி ஈரமாக வருவாள். சாயந்தரம் கிளம்பும்போது ஒரு ஹார்டு டிஸ்க்கை மஞ்சள் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்து எடுத்துப் போவாள். அந்தப் பையைத் தரையில் வைக்க மாட்டாள். ரயிலில்கூட மடியில்தான் வைத்திருக்கிறாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில் சாத்தூரில் இதே தொழில் செய்கிற ஒருவர் போட்ட விளம்பரம் அண்ணாச்சியின் போனுக்கு வந்தது. அதில் ஓர் அம்மன் தீச்சட்டியோடு நடந்தாள். முதுகுப்பக்கம்தான். ஆனால் அதே சேலை, அதே நடை.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"பாலம்மா, நீ சாமி கும்புடுத ஆளு. பொய் சொல்ல மாட்ட. அந்தப் பிள்ள பைல என்ன கொண்டு போகுதுன்னு பாத்துச் சொல்லு. அது கை கழுவப் போற நேரம் ஒரு நிமிசம் தொறந்தாப் போதும்."

"அடுத்தவுக பையத் தொறக்கது என் கையால ஆகாது அண்ணாச்சி."

"அப்ப கண்ணாலயாவது பாத்துக்கோ. நம்ம அம்மன அவ வெளிய வித்தாள்னா இந்த ஆபீஸுக்கு ஒரு கோயிலும் வராது."

பார்த்தேன். கும்பிட்டுக்கொண்டேதான் பார்த்தேன். கம்ப்யூட்டரைத் திறக்குமுன் அவள் கையெடுப்பதைப் பார்த்தேன். டிஸ்க்கை எடுக்கும்போது துணியிலிருந்து திருநீறு உதிர்வதைப் பார்த்தேன். திருடுகிறவள் திருநீறு போடுவாளா என்று ஒரு மனது. திருடுகிறவள்தான் நிறையப் போடுவாள் என்று இன்னொரு மனது. அம்மா, நீயே காட்டிக் கொடு என்று விளக்கின் முன்னால் வேண்டிக்கொண்டேன். காட்டிக் கொடு என்றால் யாரை என்று எனக்கே தெரியவில்லை.

கொடைக்கு ஒரு வாரம் இருக்கும். சாயந்தரம் அவள் கிளம்பும் நேரம் அண்ணாச்சி வாசலில் நின்றார். பக்கத்தில் ஜெயகிருஷ்ணன்.

"பையத் தொறம்மா."

அவள் என்னைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு பையை மேசைமேல் வைத்துத் திறந்தாள். டிபன் டப்பா, சீப்பு, ரயில் பாஸ், மஞ்சள் துணி. ஜெயகிருஷ்ணன் டிஸ்க்கைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் மாட்டினான். ஆயிரம் ஆயிரமாகப் படங்கள். ஒன்றைத் திறந்தான். முதல்முறையாக நாங்கள் அம்மனின் முகத்தைப் பார்த்தோம்.

கண் இல்லை. புருவம் உண்டு, இமை உண்டு. உள்ளே வெற்றாக இருந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"கண்ண எங்கட்டி?" அண்ணாச்சி அதுவரை அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை.

"கண்ணு கடைசிலதான் அண்ணாச்சி. அது கோயில் காரியம். விஜயராஜ் ஐயாகிட்டக் கேளுங்க."

"கண்ணு வச்ச படம் சாத்தூர்ல இருக்கு அத்தான்" என்றான் ஜெயகிருஷ்ணன். "நமக்குக் குருட்டுச் சாமி. இப்ப கேட்டா கோயிலு கொளம்னு சாக்குச் சொல்லுதா."

"கேளுங்கன்னுதானே சொல்லுதேன். ஒரு போன்."

"எதுக்கு? எங்க ஆபீஸ்ல திருட்டுப் போயிட்டுன்னு வெளியூர்க்காரவுககிட்ட நானே சொல்லணுமாக்கும்?" அண்ணாச்சி டிஸ்க்கை எடுத்து இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினார். "இது சாட்சி. யாரும் தொடப்படாது. மாப்ள, நீயுந்தான். நீ நாளையிலருந்து வர வேண்டாம்மா."

அவள் மஞ்சள் துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டாள். வாசல்படியில் நின்று, "மெஷின்ல இருக்க படத்த மட்டும் சுருக்கிராதீங்க அண்ணாச்சி" என்றாள்.

"போம்மா, எங்களுக்குத் தெரியும்" என்றான் ஜெயகிருஷ்ணன்.

அவள் போனதும் அவன் அதைத்தான் செய்தான். மெஷினில் இருந்த படங்களையெல்லாம் ஜேபெக்காக மாற்றி, பழையதை அழித்தான். "எம்புட்டு இடம் பாத்தீயளா அத்தான்!" என்று சந்தோஷப்பட்டான். பிறகு ஏதோ ஒரு காலண்டர் அம்மனின் கண்களை எடுத்து முகத்தில் ஒட்டினான். நான் பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் பப்ஸ் இருந்தது அவனுக்கு. முப்பிடாதி ஏன் பப்ஸை விட்டாள் என்று அப்போதுதான் மனதில் ஓடியது. ஆனாலும் சந்தேகம் முழுசாகப் போகவில்லை. விரதம் இருக்கிறவர்களும் விற்கலாம்.

விஜயராஜ் ஐயா எல்இடிக்காரரோடு படம் பார்க்க வந்தார். திரையில் தீ எரிந்தது. தீயின் நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி நடந்து வந்தது. பெட்டிக்குள் அம்மன்.

"இது என்ன, பிரிட்ஜுக்குள்ள வச்சுக் கூட்டியாறீயளா?" என்றார் எல்இடிக்காரர்.

"ஒரு நிமிசம்" என்று ஜெயகிருஷ்ணன் எல்லாவற்றையும் திரும்ப பிஎன்ஜியாக மாற்றினான். வியர்த்துக்கொண்டே, "இப்ப பாருங்க அத்தான், சைஸு பழையபடி பெரிசாயிட்டு" என்றான். சைஸ் பெரிசாகியிருந்தது. வெள்ளைப் பெட்டி அப்படியே நடந்து வந்தது. குங்குமத்தைச் சுற்றி எறும்பும் அப்படியே மொய்த்தது. வெட்டின முந்தியைப் பெரிய பெட்டியில் தேடினால் கிடைக்குமா?

விஜயராஜ் ஐயா அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. அவர் முகம் கறுத்துவிட்டது.

"எவம்லே கண்ணத் தொறந்தது?"

ஜெயகிருஷ்ணன் மௌஸிலிருந்து கையை எடுத்தான்.

"எங்க ஊர்ல மண்ணுல செஞ்ச அம்மனுக்கே கொட அன்னைக்குக் கோயில்ல வச்சுத்தான் அதச் செஞ்ச வேளார் கண்ணு தொறப்பாரு. இந்த வருசம் தெரையிலயும் அம்மன் வாரான்னா அவளுக்கும் அதே முறைதான்னு ஊரு கூடிப் பேசிட்டுல்லா அந்தப் பிள்ளகிட்டச் சொன்னோம். மஞ்சத் துணி குடுத்தோம், துன்னூறு குடுத்தோம். வரைஞ்சு முடிச்சத கவிச்சி பொழங்காத வீட்ல வெளக்குப் பக்கத்துல வை, மொகத்த யாருக்கும் காட்டாதன்னு சத்தியம் வாங்குனோம். எங்க அந்தப் பிள்ள?"

அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். அவர் கை இடுப்புச் சாவிக்குப் போனது. அந்த பீரோவை அன்றிலிருந்து யாரும் திறக்கவில்லை. மச்சினனையும் நம்பாமல் பூட்டியிருந்தார். அந்த நம்பாத பூட்டுக்குள்தான் அம்மன் சுருங்காமல், கண் திறக்காமல் இருந்தாள்.

அண்ணாச்சி என்னையும் கூட்டிக்கொண்டு காரில் கடம்பூர் போனார். வழியெல்லாம் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. வீட்டு வாசலில் சொர்ணத்தாய் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க. பை சோதிக்க வந்தியளா, வீடு சோதிக்க வந்தியளா? ஆட்டுக்கொட்டில்லருந்து ஆரம்பிங்க. அங்கனதான் எங்க நகையெல்லாம் பொதைச்சு வச்சிருக்கோம்."

"எம்மா, சும்மா இரு" என்று முப்பிடாதி வெளியே வந்தாள். அன்றும் தலை ஈரமாக இருந்தது. வேலை போன பிறகும் அவள் விரதத்தை விடவில்லை.

அண்ணாச்சி டிஸ்க்கை இரண்டு கையாலும் நீட்டினார். அவள் உள்ளே போய் மஞ்சள் துணியை எடுத்து வந்து அதில் வாங்கிக்கொண்டாள்.

"அதுக்குப் பொறவு யாரும் தொறந்தாவளா?"

"இல்லம்மா. பூட்டியே வச்சிருந்தேன்."

"சரி. கொடைக்கு வாரேன். அவளுக்காக வாரேன் அண்ணாச்சி."

கொடையன்று காலையில் கோயில் முன்மண்டபத்தில் ஒரு பலகை போட்டார்கள். ஒரு பக்கம் வேளார் மண் அம்மனுக்கு மை தீட்டினார். மறுபக்கம் முப்பிடாதி லேப்டாப்பை வைத்துக்கொண்டு, முகம் தெரிகிற படங்களில் மட்டும் கண் வைத்தாள். தனித்தனிப் படம் என்பதால் அவற்றை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. பாதமும் முதுகும் உள்ள படங்களை அவள் தொடவே இல்லை. ஒரே வீடியோவாக இருந்திருந்தால் மண்டபத்தில் உட்கார்ந்து இதைச் செய்திருக்க முடியாது என்று எல்இடிக்காரர் என்னிடம் சொன்னார். குலவை போட்டோம். வேளார் எட்டிப் பார்த்து, "எடது கண்ணு கொஞ்சம் எறங்கியிருக்கு தாயி" என்றார். அவள் பார்த்து, "ஆமா ஐயா" என்று திருத்தினாள்.

சாயந்தரம் தீ எரிந்தது. தீக்குள்ளிருந்து அம்மன் நடந்து வந்தாள். பெட்டி இல்லை. குங்குமம் வட்டமாக நின்றது. கண் என்னைப் பார்த்தது. பெண்கள் எல்லோரும் கையைத் தலைக்குமேல் தூக்கினோம்.

அண்ணாச்சி கூட்டத்தில் நின்று சாத்தூர் விளம்பரத்தைப் போனில் மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் பெரிதாக்கினார். அந்த அம்மனின் சேலையெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. நான் முதலில் பார்த்த என் பேரன் முகம் மாதிரி. பல கை மாறித் தேய்ந்த படம். முப்பிடாதியின் டிஸ்க்கிலிருந்து போனதென்றால் அப்படி இருக்காது.

"ஏலே மாப்ள, வேல தொடங்குன மொத வாரம் நீ வாட்சப் ஸ்டேட்டஸ்ல என்னத்தப் போட்ட?"

"சும்மா... முதுகு மட்டும் அத்தான். ஒரு பெருமைக்கு" என்றான் ஜெயகிருஷ்ணன்.

அண்ணாச்சி அவனை ஒன்றும் சொல்லவில்லை. நேரே முப்பிடாதியிடம் வந்தார். "மனசுல வச்சுக்கிடாதம்மா. நாளைக்கே வந்துரு. அந்த டிஸ்க்க மட்டும் இனிமே ஆபீஸ்லயே வச்சிரு." கொஞ்சம் நின்றார். "வேற காப்பி ஏதும் இல்லியே?"

அவர் கெட்டவர் இல்லை. கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. வாய் பழகிவிட்டது.

முப்பிடாதி சிரித்தாள். "இல்ல அண்ணாச்சி" என்றாள்.

ஆனால் அவள் வேலைக்கு வரவில்லை. இப்போது மதுரையில் ஓரிடத்தில் இருக்கிறாளாம். தன் மேசையில் இருந்த சாமான்களை எடுக்க ஒரே ஒருமுறை வந்தாள். எனக்குக் கடம்பூர் போளி வாங்கி வந்திருந்தாள். சீப்பு, தண்ணீர் பாட்டில், பேனா எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு படி வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். என் முன்னால் நின்று பையை அகலத் திறந்து பிடித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்ன தாயி இது, நான் பாக்க மாட்டேன்" என்றேன். என் தோளைத் தொட்டுத் திருப்பினாள். கோபம் கொஞ்சமும் இல்லை அவள் குரலில்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க யக்கா. நான் போன பொறவு இங்கன ஏதும் காணலன்னா, அவிய ஒங்களத்தான் கேப்பாவ."